மூன்றாவது பத்திக்குப் பதில்

குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் கதையை நடுவிலிருந்துதான் தொடங்குவார்கள். "அன்னைக்கு அந்தாளு தட்டைத் தூக்கி எறிஞ்சான் சார்" என்பார்கள். எந்த ஆள், என்றைக்கு என்று கேட்டால் கோபம் வேறு வரும். அழுகையை வடிகட்டி, நடந்ததை வரிசைப்படுத்தி, பத்திக்கு எண் போட்டுக் கொடுப்பது என் தொழில். வாதாடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. மனுவும் எதிர்மனுவும் எழுதுவதோடு சரி. நீதிமன்றப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் என் அறைக்கு இரண்டு தரப்பு வக்கீல்களும் வருவார்கள்.

விதிகள் எளிமையானவை. நடந்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. யாரையும் திட்டாதே. எதிர்மனுவில் ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல். மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். புது வக்கீல்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். ஒரு வழக்கில் மண்ணைக் கவ்வியதும் ஓடி வருவார்கள்.

என் மகள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தபோதும் விவாகரத்து மனுவை நான்தான் எழுதினேன். மருமகன் முன்கோபி, மறதியும் உண்டு. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று நண்பர்களோடு பந்தாட்டம் பார்க்கப் போனவர். மனுவில் பொய் ஒன்றுகூட இல்லை. அடுக்கியது மட்டும்தான் நான். ஒரே ஒரு பத்திக்கு மகள் பிடிவாதம் பிடித்தாள்.

"முதல்ல ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான்ப்பா இருந்தோம். அதையும் எழுதுங்க."

"வழக்குக்கு அது வேண்டாம்மா."

"எனக்கு வேணும். அதுக்கு அவரு என்ன சொல்றாருன்னு பாக்கணும்."

மூன்றாவது பத்தியாகச் சேர்த்தேன். அதன்பிறகு அவள் காத்திருந்தது தீர்ப்புக்காக அல்ல, அந்தப் பத்திக்கான பதிலுக்காக.

மருமகனின் வக்கீல் எந்நேரமும் ஓட்டமும் நடையுமாக இருப்பவர். மனு போட்டது யார் வீட்டுப் பெண் என்றுகூடப் பார்க்காமல் வழக்குத் தாள்களை என் மேஜையில் வைத்தார்.

"கட்சிக்காரன் சுத்த அப்பாவி சார். மூணாவது பத்தி நிஜம்தானாம். மத்ததெல்லாம் என் தப்பு, அவ வீட்டுக்கு வந்தா போதும்னு அழறான். நீங்க வழக்கம்போல எழுதிடுங்க."

வழக்கம்போல எழுதினேன். இருவருக்கும் திருமணம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். மூன்றாவது பத்திக்கு, 'இருவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர் என்பது முற்றிலும் மறுக்கப்படுகிறது' என்று எழுதினேன். மருமகன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வக்கீல் நீட்டுகிற தாளை யார்தான் படிக்கிறார்கள்?

நீங்களே சொல்லுங்கள், அப்படிப்பட்ட முன்கோபியிடம் பெற்ற பெண்ணைத் திருப்பி அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? என் மனைவி போனபிறகு பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்த வீடு அது. இவள் வந்துதான் ஜன்னல்களைத் திறந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எதிர்மனுவின் நகல் வந்ததும் மகள் அந்த ஒரு பதிலை மட்டும் படித்தாள். மறுவாரம் வாசலில் வந்து நின்ற மருமகனைப் பார்க்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். விவாகரத்து சுலபமாகக் கிடைத்தது.

இப்போது அவள் அதிகம் பேசுவதில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "இவ்வளவு ஈவிரக்கமில்லாம அதை யாருப்பா எழுதியிருப்பாங்க?"

"தொழில் தெரிஞ்சவன்மா" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.