கடைசி வளைவில் ஒரு போலந்துக்காரர்

அல்சூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை.

“நேத்து ஒரு போலந்துக்காரரை இடிச்சுத் தள்ளிட்டேன்,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“ஐயோ, எங்கே?”

“கம்ப்யூட்டர்லதான். ஆன்லைன் கார் ரேஸ். கடைசி வளைவுல லேட்டா பிரேக் போட்டேன். அவர் கார் மணல்ல போய் நின்னுடுச்சு. நான் ஜெயிச்சுட்டேன்.”

“சூப்பர்!”

“எட்டு மாசமா ஓட்டறேன், இதுதான் முதல் ஜெயம். ஆனா தப்பு என்னோடது, ஜெயிச்சவங்க லிஸ்ட்லேருந்து என் பேரை எடுத்துடுங்கன்னு ரேஸ் நடத்தறவருக்கு நானே எழுதிட்டேன். எடுத்துட்டார்.”

“யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்டி?”

“இடிச்சது எனக்குத் தெரியுமே.”

கண்டக்டர் வந்து பாஸைப் பார்த்துவிட்டுப் போனார்.

“அந்தப் போலந்துக்காரர் என்ன சொன்னார்?”

“காலையில மெயில் போட்டிருந்தார். அடுத்த வாரம் உன் பக்கத்துல பயமில்லாம ஓட்டுவேன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நாலு தடவை படிச்சேன்.”