ஸ்கேன் எடுத்த குரங்கு

கொழும்பில் பொரளையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த துணிப்பையை விட்டுக் கையை எடுக்கவேயில்லை.

"குரங்கின்ட மண்டையோட்டை ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ண விட்டவையோ?" என்று மற்றவள் கேட்டாள்.

"ஓம், நோயாளியள் முடிஞ்ச பிறகு. இதின்ட காதெலும்பை, மண்ணுக்குள்ள கல்லாப்போன பழைய குரங்குகளின்ட காதெலும்போட ஒத்துப்பாக்க வேணும். உடைக்காமல் உள்ளுக்குப் பாக்க வேற வழியில்லை."

"நோயாளியின்ட பேர் குடுக்காமல் மெஷின் ஓடாதே?"

"என்ட பேரைக் குடுத்தன்."

"விசரே உமக்கு? இந்த நேரத்தில தமிழ்ப் பேரையோ? ஒரு சிங்களப் பேரைக் குடுத்திருக்கலாம்."

"குரங்குக்கு எந்தப் பேரும் ஒண்டுதான்."

வெள்ளவத்தைச் செக்பொயின்ற்றில் சோதனைக்கு எல்லாரும் இறங்கினோம். ஆமிக்காரன் அந்தத் துணிப்பையைத் திறந்தான்; உள்ளே மண்டையோடு. குரங்கு என்று அவள் சிங்களத்தில் சொன்னாள், அவன் தலையாட்டி மூடினான். பிறகு அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பேரை வாசித்தான். அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.