மூன்றாவது வெர்ஷனின் முதல் ஆட்டம்

விளையாட்டு மெஷினில் முதலில் கெட்டுப்போவது பொத்தான்கள்தான் சார். திரை பத்து வருஷம் தாங்கும். பொத்தானுக்கு ஆறு மாதம்கூட ஆயுள் கிடையாது, ஏனென்றால் தோற்கிறவன் கோபத்தை அதன் மேல்தான் காட்டுகிறான். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் நான் மெக்கானிக். எந்தப் பொத்தான் எவன் கையால் செத்தது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். நீங்கள் என் மச்சினனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

கடையில் இருபது மெஷின் இருந்தாலும் கூட்டம் நிற்பது அந்த ஜப்பான் சண்டை ஆட்டத்தின் முன்னால்தான். இரண்டு பேர் தோளோடு தோள் நின்று, திரையில் ஆளுக்கொரு சண்டைக்காரனை வைத்து மோத வேண்டும். என் ஆள் ஒரு தடியன், பிடித்துத் தூக்கி அடிப்பவன். மச்சினன் எடுப்பது விசிறியோடு வரும் ஒல்லிப் பெண்ணை. அதனால் கடையில் அவனுக்குப் பெயரே விசிறி. என் மனைவிக்கு உடன்பிறந்தவன் என்று அவன் ஒருவன்தான்.

முதல் வெர்ஷன் வந்த புதிதில் அவன்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். ஒரு மாதம், ஒரு நாள் விடாமல். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி உடைந்தது; கை தவறிவிட்டது. என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்ததும் அதே மாதம்தான், ஆனால் அது படிக்கட்டில். மருத்துவமனைக் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அவள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த வாரத்திலிருந்து நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தேகம் இரண்டாவது வெர்ஷனில் வந்தது. இந்த ஜப்பான்காரர்கள் ஓர் ஆட்டத்தைச் செய்தோம், விற்றோம் என்று இருக்க மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை திருத்தி அனுப்புவார்கள். பலசாலிக்குக் குறைப்பார்கள், நோஞ்சானுக்குக் கூட்டுவார்கள். அந்தத் திருத்தத்தில் என் தடியனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். பிடி எட்டவில்லை, அடியில் பாதி வலு போய்விட்டது. "மெக்கானிக், உன் ஆளு காலி. வேற ஆளப் புடி" என்று முதலாளியே சிரித்தார். ஆனால் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். முன்பு ஜெயித்த அதே மயிரிழையில், அதே மூன்றாவது ரவுண்டின் கடைசியில். யாருக்குத்தான் உறுத்தாது, சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. நான் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவியின் முகம் தெளிந்திருக்கும். ஜெயித்தேனா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே இவளுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். சமையலறையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் விட்டுக் குடுத்துட்டியாடா? உனக்கு அசிங்கமா இருக்கும்னு தெரியும். அக்காவுக்காகக் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ தம்பி."

காதால் கேட்டதை மட்டும் வைத்து ஒருவன் மேல் பழி போடுகிற ஆள் நான் இல்லை. மெஷினைத் திறந்து, அவனுடைய தடுப்புப் பொத்தானோடு ஒரு குட்டி விளக்கை இணைத்து, என் பக்கத்தில் மட்டும் தெரியும்படி வைத்தேன். அவன் பொத்தானைப் பிடித்திருக்கும்வரை எரியும். பன்னிரண்டு ஆட்டம் பார்த்தேன். பன்னிரண்டிலும், என் கடைசி அடி விழுவதற்கு ஒரு கண்சிமிட்டல் முன்பு விளக்கு அணைந்தது. எனக்குக் கோபம் வரவில்லை சார். அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். அன்று வீட்டில் நன்றாகவே சாப்பிட்டேன்.

மெஷினுக்குள் மாட்டும் மூன்றாவது வெர்ஷன் போர்டோடு ஒரு படத்தாள் வந்தது, மெஷினில் ஒட்டுவதற்கு. விசிறிப் பெண்ணுக்குப் புதிதாக ஓர் அடி கொடுத்திருந்தார்கள். குத்து, உதை இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி இரண்டு விநாடி பிடித்திருந்தால் எதிராளியால் தப்பவே முடியாது. பழைய வெர்ஷன்களில் அந்த இரண்டையும் சேர்த்து அழுத்த எவனுக்கும் அவசியமே இருந்ததில்லை. மச்சினனுக்கு இரண்டு பழக்கம். ஆடும்போது செருப்பைக் கழற்றிவிடுவான். உள்ளங்கையின் அடியைப் பொத்தான்களுக்குக் கீழே உள்ள இரும்புத் தகட்டில் ஊன்றிக்கொள்வான்.

உள்ளே நான் செய்ததை உங்கள் மின்சார ஆய்வாளர் எழுதிவிட்டார். அதில் பிழை இல்லை. இரண்டு பொத்தானும் சேர்ந்து இரண்டு விநாடி அழுந்தியிருந்தால் மட்டுமே அவன் பக்கத்துத் தகட்டுக்கு மின்சாரம் வரும். தனித்தனியாக அழுத்தினால் ஒன்றும் ஆகாது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வழக்கம்போல அவன் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். முடிவை நான் அவன் கையில்தான் கொடுத்தேன்.

புது போர்டு மாட்டினால், கடை திறக்கும் முன் மாட்டியவனே முதல் ஆட்டம் ஆடிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினனைக் கூப்பிட்டேன். படத்தாளை அவனிடமே கொடுத்தேன். ஆசையாகப் படித்தான்.

"இன்னிக்கு நெஜமா ஆடுடா," என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எப்பவும் நெஜமாத்தானே மாமா ஆடறேன்."

"எனக்கு எல்லாம் தெரியும். ஒரே ஒரு ஆட்டம், விட்டுக் குடுக்காம ஆடு."

"நான் ஜெயிச்சா, வீட்ல அக்காவ..."

"அக்காவுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? அவ மேல சத்தியம்."

அவன் படத்தாளை இன்னொரு தடவை படித்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

எப்படி ஆடினான் தெரியுமா! இத்தனை வருஷம் இந்தத் திறமையை என் பக்கத்திலேயே நின்று ஒளித்து வைத்திருந்தான் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ரவுண்டு அவனுக்கு. இரண்டாவதை, அவன் தடுப்போடு சேர்த்துத் தூக்கி அடித்து, எப்படியோ நான் எடுத்தேன். அப்போதும் விளக்கு அணையவில்லை. மூன்றாவதில், திரையின் உச்சியில் என் தடியனின் உயிர்க்கோடு நகத்தளவுதான் மிச்சம். சும்மா ஒரு தட்டுத் தட்டியிருந்தாலே போதும், அவன் ஜெயித்திருப்பான். ஆனால் புது அடியைப் போட்டுப் பார்க்கும் ஆசை. "மாமா, இதப் பாருங்க" என்று சிரித்தபடி இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினான். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

திரையில் அந்தப் பெண் விசிறியைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். மச்சினன் பக்கம் நான் திரும்பவில்லை. தடியனை மெதுவாக நடத்திக்கொண்டு போய், அவளுடைய உயிர்க்கோடு தீரும்வரை அடித்தேன். ஜெயித்தவன் பெயரை எழுதச் சொல்லித் திரை கேட்டது. மூன்று எழுத்து. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து எழுதினேன். அதன் பிறகுதான் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

என் மனைவி இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. வந்தால் இதை மட்டும் சொல்லுங்கள் சார். இந்தத் தடவை உன் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை, நானாகவே ஜெயித்தேன்.