பதினோராவது நோட்டின் பின்பாதி

— கொஞ்சம் மெதுவாப்பா! என் கை என்ன, தாத்தா கையா? “நீதிபதி இன்று…” அப்புறம்?

— “நீதிபதி இன்று தும்மிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். ஒன்பது தும்மல். தும்மலுக்கு ஒரு குறி இல்லாதது பெரிய குறை.”

— ஐயோ… கோர்ட்ல உக்காந்து தும்மலையா எண்ணினார்?

— சுருக்கெழுத்துக்காரனுக்கு உடம்பெல்லாம் காது. நிமிஷத்துக்கு நூறு வார்த்தை எழுதுவார் எங்கப்பா. வீட்டுக்கு வந்தா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசமாட்டார்.

— பேசாததையெல்லாம் இந்த டைரி நோட்டுல கொட்டிட்டார். அதுவும் கோழி கிளறின மாதிரி!

— கோழி கீழின்னே… உதை விழும். அவர் போனப்புறம், இதைப் படிக்கணும்னே, பஸ் டிப்போ வேலை முடிஞ்சு வந்து சுருக்கெழுத்தை நானா கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு.

— நூத்தியோராவது தடவை சொல்றீங்க. வீட்ல இதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. அதான் தினம் ஒரு பக்கமாவது சாதா எழுத்துல எழுதிடணும்னு உங்க உயிரை வாங்கறேன். ம்… சொல்லுங்க.

— ஓரத்துல தேதி போட்டியா? அது இல்லாம உனக்குக் கை ஓடாதே.

— போட்டாச்சு, போட்டாச்சு.

— “மாலையில் பையன் சைக்கிளிலிருந்து விழுந்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்து, அழாமல் எழுந்தான். நானும் பார்க்காதவன் போலவே வந்துவிட்டேன்.”

— … அந்தப் பையன் நீங்கதானே?

— பின்னே, பக்கத்து வீட்டுக்காரனா? எழுது.

— அப்பா… ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— சொல்றதைப் பொறுத்து.

— உங்க கையில இருக்கிறது நாலாவது நோட்டு இல்ல. அஞ்சாவது. அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன். நாலாவது… இதோ, என் மடியில இருக்கு.

— … அட்டை ரெண்டும் கறுப்பு. அதான்…

— அட்டை கறுப்பு, சரி. உள்ளே? அரை மணி நேரமா, அதுல இல்லாத பக்கத்தை வாசிச்சிட்டிருக்கீங்க.

— இந்த ரூம்ல வெளிச்சம் பத்தல.

— ஜன்னல் திறந்திருக்குப்பா. வெயில் உங்க மேலதான் விழுது. எத்தனை நாளா?

— வலது கண்ணு போன வருஷம். இடதுல எழுத்தெல்லாம் எறும்பா ஊர்ந்துட்டிருந்தது. இப்போ எறும்பும் இல்ல.

— என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?

— சொன்னா உடனே நோட்டை மூடி வெச்சுட்டு ஆஸ்பத்திரி, மருந்துன்னு ஓடுவே. பார்க்க வேண்டிய டாக்டரையெல்லாம் நானே பார்த்துட்டேன். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அவங்க சொன்ன அன்னிக்கே ஆரம்பிச்சேன். காலையில ரெண்டு பக்கம் படிக்கிறது, சாயங்காலம் நீ வகுப்புக்குப் போனப்புறம் தனியா ஒப்பிச்சுப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடே ஏறாத மண்டை இது!

— எல்லா நோட்டுமா? அப்பா… பதினொரு நோட்டு!

— பத்தரை.

— அதென்ன அரை?

— அந்த அரைதான் நெஞ்சுல முள்ளு. பதினொண்ணோட பின்பாதி, எங்கப்பா படுக்கையில கிடந்து எழுதினது. அன்னியிலேருந்து ஒரு தடவைகூடப் படிச்சதில்ல. அதையும் படிச்சுட்டா அவர் தீர்ந்து போயிடுவார்னு… நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்தேன். கண்ணு காத்திருக்கல. என்ன எழுதினாரோ. என்னைத் திட்டிக்கூட எழுதியிருக்கலாம். கடைசி நாள்ல நான் பக்கத்துல உக்காந்திருந்தேனே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல. அதைச் சொல்லியிருப்பாரோன்னு… சரி விடு. மத்த பத்தரையும் சுத்தம். நானா ஏதோ இட்டுக்கட்டறேன்னு நினைச்சுடாதே.

— நினைக்கலப்பா. ஒரு வார்த்தை பிசகல. அந்த ஒன்பது தும்மல் உட்பட.

— ம்… என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல…

— பிசகலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— …

— மடியில இருக்கிறது நாலாவதுன்னு எப்படித் தெரியும்? நோட்டு மேல நம்பரே கிடையாதே! ஏய், வாயாடி. இப்போ மட்டும் என்ன ஊமை? சாயங்கால வகுப்புல என்னதான் கத்துக்கறே?

— கம்ப்யூட்டர்னு…

— அது நீ சொன்னது. நான் கேக்கிறது, என்ன கத்துக்கறே?

— சுருக்கெழுத்துதாம்ப்பா. ரெண்டு தடவை பரீட்சையில கோட்டை விட்டேன், அதான் சொல்லல. எனக்கும் படிக்க வரும்னு தெரிஞ்சா நீங்க வாசிக்கிறதை நிறுத்திடுவீங்களோன்னு வேற பயம். திக்கித் திக்கித்தான் வரும், சிரிக்கக் கூடாது. இதோ, எடுத்துட்டேன். பதினொண்ணாவது நோட்டு, பின்பாதி, முதல் பக்கம்… “பையன்… டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டு… நாள் முழுக்க என் பக்கத்தில்… உட்கார்ந்திருந்தான். இருவரும்… ஒன்றும் பேசவில்லை. நல்ல… நல்ல நாள்.”