பதினான்காம் நாள் அழைப்பு

சின்னப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பத்து நாள் மருந்தை ஐந்து நாளில் முடிக்கலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எங்கள் ஆய்வு அதற்காகத்தான் நடந்தது. சிறுநீர்த் தொற்று வந்த பெண்குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பத்து நாள் மருந்து, மீதிப் பேருக்கு ஐந்து நாள். பதினான்காம் நாள் தாய்மார்களுக்குப் போன் செய்து, காய்ச்சலோ எரிச்சலோ திரும்பியதா என்று கேட்டு எழுதுவது என் வேலை.

மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன். தொடர்பு கிடைக்காதவர்களை, குணமானவர் பக்கமும் சேர்க்கக் கூடாது, குணமாகாதவர் பக்கமும் சேர்க்கக் கூடாது என்று ஆசிரியர் சொன்னார். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நோட்டை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

ஆய்வை நடத்தும் டாக்டர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு நாள் பிரிவுல இன்னும் மூணு பேருக்குத் திரும்புச்சுன்னா நாம கடையைக் கட்ட வேண்டியதுதான்மா."

மறுவாரம், ஐந்து நாள் பிரிவில் ஓர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அஞ்சு நாள்ல சரியாயிடும்னு சொன்னீங்களேம்மா? பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது. ஒண்ணுக்குப் போகணும்னாலே அழுவுறா. கூட்டிட்டு வரட்டுமா?"

"தண்ணி நிறையக் குடுங்கக்கா. டாக்டரைக் கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்."

டாக்டரைக் கேட்கவில்லை. அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஆனால் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஆய்வு விதிப்படி மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரங்களில். ஒவ்வொரு முறையும் மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். 'மூன்று முறை முயன்றும் தொடர்பு கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்படி ஏழு பேர். மற்ற ஆறு பேர் வேறெங்காவது காட்டிச் சரியாகியிருப்பார்கள். விசாரிக்கவில்லை.

அந்த முதல் குழந்தையைப் பற்றி வேறொரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. நான்கு வயது. ஒரு சிறுநீரகம் கெட்டுவிட்டது. 'ஆய்வுக் குழு திரும்ப அழைக்கும் என்று தாய் ஆறு நாள் காத்திருந்தார்' என்று அதில் ஒரு வரி. கடிதத்தைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்தேன்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. ஐந்து நாளே போதும் என்று முடிவு வந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு ஐந்து நாள் கசப்பு மிச்சம், யோசித்துப் பாருங்கள்.

பொய் எழுதினாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்த அம்மா இன்றைக்கும் மதியத்தில் கூப்பிடுகிறார். நான் எடுப்பதில்லை. எடுத்தால், நான் எழுதியது பொய்யாகிவிடும்.