ஆறிப்போன டீ

டிரைவர்: ஒரு வாய் டீ ஊத்துங்க டீச்சர். காலையிலேருந்து வண்டி ஓட்டி தொண்டை வறண்டு போச்சு.

டீச்சர்: தீந்துடுச்சுண்ணே.

டிரைவர்: இப்பதான் ஃபிளாஸ்க்கை நகத்தி வச்சேன், கனமா இருந்துச்சே... தளும்புது வேற.

டீச்சர்: அதை யாரு தொடச் சொன்னது? ஆட்டாதீங்க. கீழ வைங்க... மெதுவா.

டிரைவர்: டீதானே, வெடிகுண்டா?

டீச்சர்: ஆறிப்போன டீ. குடிச்சா வயித்தக் கலக்கும்.

டிரைவர்: தீந்துடுச்சுன்னீங்க, இப்ப ஆறிடுச்சுங்கறீங்க.

டீச்சர்: பேச்சை விடுங்க. பசங்க எல்லாரும் கிளாசுக்குப் போயாச்சு, ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் பஸ்ஸைப் பாக்க வந்துடுவாங்க. சீட்டுக்கு அடியில தேடினீங்களா?

டிரைவர்: தேடியாச்சு. ஒத்தை சாக்ஸு ஒண்ணு, பென்சில் ரெண்டு. பசங்க பாட்டில் இருபத்துநாலும் காலி. குளத்துலேருந்து ஒரு தூசி வரல.

டீச்சர்: குளத்துலேருந்து ஏதாவது வந்திருந்தா அடுத்த வாரம் பி பிரிவைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. மேடம் காலையில பஸ் ஏறும்போதே சொல்லிட்டாங்க.

டிரைவர்: எல்லாம் போன மாசம் எவனோ பையில போட்டுக்கிட்டு வந்த நத்தையால.

டீச்சர்: அது மேடம் மேஜையில ஏறி வருகைப் பதிவேட்டுல பாதியத் தின்னுட்டுதே.

டிரைவர்: தின்னது முழுக்க ஆப்சென்ட் போட்ட பக்கம். பசங்க அந்த நத்தைக்குக் கோயில் கட்டாத குறை.

டீச்சர்: சிரிக்காதீங்கண்ணே. பி பிரிவுல ஒருத்தி மூணு வாரமா தினமும் வந்து, இன்னும் எத்தனை நாள்னு கேக்கறா. நாளைக்கு அவகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. ஆமா, உங்க சாப்பாட்டு டப்பா ஏன் மடியில இருக்கு?

டிரைவர்: சும்மா.

டீச்சர்: மூடி ஏன் சரியா மூடல?

டிரைவர்: சோறு வேர்த்துடும்.

டீச்சர்: மத்தியானம் குளத்தங்கரையில மிச்சம் வைக்காம சாப்பிட்டீங்க. நான் பாத்தேன்.

டிரைவர்: ...நல்லாத்தான் பாக்கறீங்க.

டீச்சர்: ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாம் ஏன் அப்படி ஊர்ந்து வந்தீங்க?

டிரைவர்: பசங்க தூங்கினாங்க.

டீச்சர்: பசங்க தொண்டை கிழியப் பாடிக்கிட்டு வந்தாங்க.

டிரைவர்: மேடமும்தான் முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு நாலு தடவை சொன்னாங்க. என்னை மட்டும் கேளுங்க.

டீச்சர்: அண்ணே. டப்பாவைத் திறங்க.

டிரைவர்: நீங்க ஃபிளாஸ்க்கைத் திறங்க.

டீச்சர்: சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே திறப்போம்.

டிரைவர்: அட, உங்க டீயும் நீந்துதே.

டீச்சர்: எத்தனை?

டிரைவர்: பதினொண்ணு. உங்களுக்கு?

டீச்சர்: எண்ணல. ஒரு இருபது இருக்கும். எல்லாத்துக்கும் பின்னங்கால் வந்துடுச்சுண்ணே.

டிரைவர்: தலைப்பிரட்டை கடத்தறீங்க. நீங்க. பார்த்துட்டு, வரைஞ்சுட்டு, இருந்த இடத்துலயே விட்டுடணும்னு பசங்களுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தீங்களே.

டீச்சர்: எடுத்தேன். இன்னிக்கு வந்ததுல சின்னவ ஒருத்தி, பஸ் நின்ன இடத்துல இருந்த தண்ணிக் குழியைக் காட்டி, தண்ணி வத்திப்போனா இதுங்க செத்துடுமா டீச்சர்னு கேட்டா. இயற்கை அப்படித்தாம்மான்னேன். அப்ப நாம எதுக்கு இங்க வந்தோம்னு கேட்டா. அதுக்கப்புறம் எனக்கு மனசே சரியில்ல. எல்லாரும் பஸ் ஏறினதும் தொப்பியை மறந்துட்டேன்னு சொல்லி ஓடினேன்.

டிரைவர்: தொப்பி உங்க தலையிலதான் இருந்துச்சு. பசங்க பாத்துச் சிரிச்சாங்க.

டீச்சர்: நீங்க எப்பப் போனீங்க?

டிரைவர்: டயருல காத்துப் பாக்கறேன்னு இறங்கினேனே, அப்ப. அந்தக் குழியே என்னாலதான் டீச்சர். போன மாசம் மழையில வண்டி சிக்கிப் பள்ளமாச்சு. அதுல எந்தத் தவளையோ நம்பி முட்டை போட்டிருக்கு. இன்னிக்கு வண்டியைத் திருப்ப அதே பள்ளத்துல டயரை ஏத்தணும்னா... எனக்குக் கை வரல.

டீச்சர்: அதான் நான் போனப்பவே கம்மியா இருந்துச்சா? கொக்கு கொத்திட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சேன்.

டிரைவர்: அந்தக் கொக்கு நான்தான்.

டீச்சர்: குளத்துலயே விட்டிருக்கலாம்...

டிரைவர்: பசங்க ஒண்ணை விட்டுப் பாத்தாங்களே. மீன் வந்து லபக்குன்னு முழுங்கிடுச்சு. அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு.

டீச்சர்: நம்ம பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் பின்னால ஒரு பழைய தொட்டி இருக்கு. ஒரு வாரத்துல முன்னங்காலும் வந்துடும். பி பிரிவு போறப்ப கரையில விட்டா தாவிப் போயிடும்.

டிரைவர்: பி பிரிவு போனாத்தான்.

டீச்சர்: போகணும். ஃபிளாஸ்க்குல அதுக்குமேல எடமில்லாம சிலதை அங்கேயே விட்டுட்டு வந்தேன்.

டிரைவர்: ஆனா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாத்தேன் டீச்சர். குழியில ஒண்ணுகூட இல்ல.

டீச்சர்: அப்ப அதை நெசமாவே கொக்கு...

டிரைவர்: மேடம் வர்றாங்க. டப்பாவை எங்க வைக்க?

டீச்சர்: மடியிலயே வைங்க. பசிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கோங்க.

மேடம்: என்ன டீச்சர், பஸ் சுத்தமா?

டீச்சர்: சுத்தம் மேடம். ஒண்ணும் வரல.

மேடம்: டிரைவர்?

டிரைவர்: ஒரு சாக்ஸு மேடம். அவ்வளவுதான்.

மேடம்: குளத்துலேருந்து எதுவும் பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னு ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க. போட்டா பி பிரிவு அடுத்த வாரம் போகலாம்.

டீச்சர்: ...பேனாவுல மை இல்ல மேடம்.

மேடம்: என்கிட்ட இருக்கு. டிரைவர், நீங்க?

டிரைவர்: கையில எண்ணெய் மேடம். தாள் கறையாயிடும்.

மேடம்: சரி. அந்த ஃபிளாஸ்க்குல என்ன, டீயா?

டீச்சர்: ஆறிப்போச்சு மேடம்.

மேடம்: டப்பாவுல?

டிரைவர்: சோறு மேடம்.

மேடம்: சோறு இப்ப துள்ளுச்சே.

டீச்சர்: மேடம், தப்பு என்னோடது. பசங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அண்ணனையும் விட்டுடுங்க. என்மேல என்ன வேணா எழுதுங்க, பி பிரிவை மட்டும் நிறுத்திடாதீங்க.

டிரைவர்: அவங்க சொல்றதைக் கேக்காதீங்க மேடம். முதல்ல அள்ளினவன் நான்தான்.

மேடம்: ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? டீச்சர் தொப்பி தேடிட்டு வந்து ஏறினதும், நான் செருப்பைக் கழுவிட்டு வர்றேன்னு இறங்கிப் போய், புடவையெல்லாம் சேறாக்கிக்கிட்டு கடைசி ஏழையும் என் தண்ணி பாட்டில்ல பிடிச்சு வச்சிருக்கேன். பாட்டில் வாய் குறுகலா இருக்கு, மூச்சு முட்டும் போல. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, டப்பாவுல எடம் இருக்கான்னு பாருங்க.