இடது கையுறை

பச்சைக் குழந்தையின் கையுறைக்குக் கட்டைவிரல் பின்ன வேண்டியதில்லை. சின்னப் பை மாதிரி பின்னி, மணிக்கட்டில் நாடா கோத்தால் போதும். அதனால் இந்தக் குல்லு மலைப்பக்கத்தில் பின்னக் கற்கும் பெண்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்போம். ஆஸ்தாவுக்கும் அதைத்தான் கொடுத்தேன்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆஸ்தா பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்பாவோடுதான் இருந்தாள். தேஷ்ராஜுக்கு நக்கர் ஊருக்கு மேலே வீடும் ஆப்பிள் தோட்டமும் இருந்தன. எனக்கு இந்த வாடகை அறை. நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வருவாள். தேஷ்ராஜ் நீலத்தை மணந்துகொண்ட பிறகும் வந்தாள். நீலம் உண்டான பிறகுதான் ஞாயிறுகள் குறைந்தன. ஒருநாள் அவளுக்குப் பிடிக்குமே என்று சித்தூ ரொட்டி அவித்து, நெய் ஊற்றி வைத்திருந்தேன். பாதியில் எழுந்துவிட்டாள்.

"சின்ன மம்மிக்குக் கால் வீங்கியிருக்கு. நான் சீக்கிரம் போகணும்."

அடுத்த முறை வந்தபோது வெறும் மம்மி என்றாள். என்னைச் சொல்லவில்லை. அவள் அதைக் கவனிக்கவுமில்லை.

அந்த வாரம்தான் நீலத்தின் குழந்தைக்குப் பின்னத் தொடங்கினேன். முதலில் குல்லா, பிறகு காலுறை. கை ஓடிக்கொண்டிருந்தால் நெஞ்சுக்குள் கேட்கிற சத்தம் அடங்கிவிடும். நீங்கள் பின்னுவதில்லை போலிருக்கிறது. பின்னிப் பாருங்கள், நல்ல தூக்கம் வரும்.

வெயிலில் உட்கார்ந்து பின்னுகிற பெண்களுக்கு என்னைப் பார்த்தால் வேடிக்கை. ராம்பியாரி சும்மா இருக்க மாட்டாள்.

"யாருக்குடி இது? உன் புருஷனைக் கொத்திக்கிட்டுப் போனவ புள்ளைக்கா? அப்படியே தொட்டிலையும் ஆட்டிட்டு வந்துடேன்."

"குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு தீதி?"

"நானா இருந்தா முள்ளுச்செடியில சொக்காய் பின்னி அனுப்புவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீட்டுக் கழிகிற நாளில் குழந்தைக்கு முதல் உடுப்பு அத்தை கையால் போட வேண்டும். தேஷ்ராஜுக்கு உடன்பிறந்தவள் இல்லை. அத்தை இல்லாத வீட்டில் மூத்த பெண் அந்த இடத்தில் நிற்பாள். ஆஸ்தா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மம்மி, நான்தான் போட்டுவிடணுமாம்! கையுறை மட்டுமாவது நானே பின்றேன். கத்துக்குடு."

அதன்பிறகு தினமும் பள்ளி விட்டதும் வந்தாள். அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பேசவே மாட்டோம். ஊசிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக இருந்த நாட்கள் வேறு இல்லை. குழந்தை பிறந்தால் அவளுக்கு இங்கே வர வேலை இருக்காது என்பதையும் அப்போதே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பூவேலைக்கு இரண்டு நிற நூல் வேண்டும். ஒன்று வெளியே தெரியும்போது மற்றது உள்பக்கமாக ஓடும். பெரியவர்களுக்கானதில் அது நீளமாக ஓடினாலும் பரவாயில்லை. குழந்தையுடையதில் கூடாது. இரண்டு கண்ணிக்கு ஒருமுறை அதைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பிஞ்சு விரல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். குழந்தைக் கையுறை எதுவானாலும் எங்கள் பெண்கள் முதலில் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். நீலம் ஊனாப் பக்கத்துச் சமவெளிப் பெண். அவள் பூவைத்தான் பார்ப்பாள்.

ஆஸ்தா வலது கையுறையை முடித்தாள். பயந்து பயந்து ஒவ்வொரு கண்ணியிலும் நூலைக் கட்டியிருந்தாள்.

"உள்ள பாரு மம்மி, ஒரே முடிச்சா அசிங்கமா இருக்கு."

"அது யாருக்குத் தெரியப்போவுது" என்றேன்.

இடது கையுறை பாதியில் இருந்தபோது அவளுக்குப் பரீட்சை வந்தது. நான் முடித்து வைக்கிறேன் என்றேன். சிவப்புக்கு மட்டும் நூலை மாற்றினேன். மெல்லியது, ஆனால் இழுத்தால் அறாது. பூ மிக அழகாக வந்தது.

சடங்கன்று ஆஸ்தாதான் இரண்டையும் போட்டுவிட்டாள். மதியத்திலிருந்து குழந்தை அழுதிருக்கிறது. வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். நீலம் கையுறையைக் கழற்றப் போனபோது ஆஸ்தா, "நான் போட்டது, இருக்கட்டுமே, குளிருது" என்றாளாம். மறுநாள் காலையில்தான் கழற்றியிருக்கிறார்கள்.

குழந்தை இப்போது நன்றாக இருக்கிறான். இடது மோதிர விரலில் நுனி மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் தேஷ்ராஜ் ஆஸ்தாவையும் அவள் பையையும் கொண்டுவந்து வாசலில் நின்றான்.

"ரெண்டையும் இவளேதான் பின்னினாளா?"

"சின்னப் பொண்ணு. உள்நூலைக் கட்டத் தெரியல."

ஆஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் தோளில் கை வைத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நீலம் இவ மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறா. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

அவ்வளவுதான். நீதிமன்றம் கொடுக்காதது அந்த வாசலில் கிடைத்தது.

அவள் வகுப்பில் நூலை விரலில் சுற்றிக்கொள்கிறாள், குற்ற உணர்ச்சியால் இருக்கலாம் என்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். அவள்மேல் குற்றமில்லை. நூலைக் கட்டாமல் ஓடவிட்டது நான். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் விட்டேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். நான்தான் விட்டேன் என்பது அவளுக்கும் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டிலும் சுற்றிக்கொள்வாள், டீச்சர். இடது மோதிர விரலில்தான். அது கறுத்து வரும்வரை கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எழுந்து போய் நூலை வெட்டிவிட்டு, ரத்தம் திரும்பும்வரை விரலைத் தேய்த்துவிடுவேன். மற்ற நேரங்களில் என்னைத் தொடவே விடுவதில்லை.

நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. பெற்றவளின் கை வேண்டும் என்று தோன்றினால் பிள்ளைகள் இப்படித்தான் ஏதாவது செய்வார்கள்.